லிமிடெட் எடிஷன் ஜாஸ் எல்பி: உறையில் உள்ள எண்ணும் தட்டில் உள்ள கையெழுத்தும்

ஒரு எல்பியை, அதாவது நீண்ட நேரம் ஓடும் வினைல் இசைத்தட்டை, விளிம்போடு பிடித்து, விளக்குக்கு அடியில் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். பாட்டு ஓடும் கோடுகள் முடிந்த பிறகு, நடுவிலுள்ள காகித லேபிள் தொடங்குவதற்கு முன், விரற்கடை அகலத்துக்கு ஒரு வழவழப்பான வளையம் இருக்கும். இதை டெட் வாக்ஸ் என்பார்கள். நேராகப் பார்த்தால் வெறும் கறுப்புதான். சாய்த்துப் பிடிக்கும்போது வெளிச்சம் பட்டு, மெல்லிய கீறலாகச் சில எழுத்துகள் தெரியும். ப்ளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் மறுவெளியீடு ஒன்று என்னிடம் உள்ளது, அதில் முதலில் ஒரு அட்டவணை எண் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, கையால் கீறிய கே, பி, ஜி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். அதை ஒட்டி மின்னஞ்சலில் வருகிற 'அட்' குறி, பிறகு சி, ஏ. கெவின் கிரே என்ற பொறியாளர் தன்னுடைய கோஹியரன்ட் ஆடியோ கூடத்தில் இந்தத் தட்டுக்கான மூலத்தை வெட்டினார் என்பதற்கான அடையாளம் அது.

புதிதாகச் சேகரிக்க வருபவரின் கண் பெரும்பாலும் உறை மேலுள்ள 'லிமிடெட் எடிஷன்' ஸ்டிக்கரில்தான் நிற்கும். கொஞ்ச காலம் ஆனவர் டெட் வாக்ஸைத் தேடுவார். எத்தனை பிரதி அச்சடித்தார்கள் என்பதைவிட, எந்த டேப்பிலிருந்து, யார் கையால், எந்த ஆலை வழியாக இந்தத் தட்டு வந்தது என்பதுதான் அதன் தரத்தைச் சொல்லும். இந்தக் கட்டுரை அந்தப் பின்னணியைப் பற்றியது.

முதலில் மறுவெளியீடு ஏன் தேவைப்படுகிறது என்று பார்ப்போம். நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சொச்சம் சுற்று சுழலும் எல்பி 1948இல் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் ப்ளூ நோட், பிரெஸ்டீஜ், ரிவர்சைடு, வெர்வ், இம்பல்ஸ் போன்ற லேபிள்கள், அதாவது இசைத்தட்டு நிறுவனங்கள், வெளியிட்ட ஆல்பங்களைத்தான் இன்றைக்கும் ஜாஸ் ரசிகர்கள் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அன்று அவற்றில் பலவும் சிறிய எண்ணிக்கையில்தான் விற்றன. வாங்கியவர்களும் விருந்துகளில் போட்டு, கனமான ஊசியில் ஓட்டித் தேய்த்தார்கள். இன்று கீறலில்லாத முதல் பிரதி கிடைப்பது அபூர்வம். ப்ளூ நோட்டின் 1568ஆம் எண், சாக்ஸபோன் கலைஞர் ஹேங்க் மோப்ளியின் ஆல்பம், இதற்குப் பேர்போன உதாரணம். அதன் முதல் அச்சுக்காக ஏலத்தில் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் தொகையைக் கேட்டால் தலை சுற்றும். அந்த இசையை நல்ல ஒலியில் கேட்க விரும்பும் மற்ற எல்லோருக்கும் மறுவெளியீடுதான் வழி.

எல்லா மறுவெளியீடும் ஒரே தரம் அல்ல. புத்தக உலகில் நமக்குத் தெரிந்த வேறுபாடுதான். பழைய பிரதியை அப்படியே படமெடுத்து அச்சடித்தால் மறு அச்சு. ஏடுகளை ஒப்பிட்டு, பாடபேதம் பார்த்து, பிழை நீக்கிக் கொண்டுவந்தால் செம்பதிப்பு. ஜாஸ் மறுவெளியீட்டிலும் இந்த இரண்டு வகை உண்டு. இரண்டின் உறையும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் ஒன்று போலவே தெரியும் என்பதுதான் சிக்கல்.

டேப்பிலிருந்து தட்டு வரை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 'லிமிடெட்' என்ற சொல்லுக்கான உண்மையான காரணம் இதில்தான் இருக்கிறது.

ஸ்டூடியோவில் வாசித்தது காந்த டேப்பில் பதிவாகிறது. கடைசியாகத் தேர்ந்தெடுத்து ஒட்டித் தயார் செய்த டேப்பை மாஸ்டர் டேப் என்கிறார்கள். அதை ஓடவிட்டு, வரும் ஒலியை ஒரு கடைசல் இயந்திரத்துக்கு அனுப்புகிறார்கள். இயந்திரத்தில் லாக்கர் என்ற தட்டு சுழல்கிறது. அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசியது. நகத்தால் கீறினாலே தடம் விழும் அளவுக்கு மென்மை. சூடான வெட்டூசி அதில் ஒலியைக் கோடாக வெட்டிக்கொண்டே போகும். இந்த வேலையைச் செய்பவர்தான் மாஸ்டரிங் பொறியாளர். பாஸ் என்ற தாழ்ந்த ஒலி எவ்வளவு, டிரம்ஸின் சிம்பல் தட்டு எவ்வளவு கூர்மை, ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு உள்வட்டத்தில் நசுங்காமல் எப்படி வெட்டுவது, எல்லாம் அவர் காதும் கையும்.

வெட்டிய லாக்கரில் வெள்ளி தெளித்து, அதன் மேல் நிக்கலை மின்முலாமாக வளர்ப்பார்கள். பிரித்தெடுத்தால், கோடுகள் மேடாக இருக்கும் ஓர் உலோகத் தகடு கிடைக்கும். அதற்கு 'தந்தை' என்று பெயர். தந்தையிலிருந்து எடுக்கும் நகல் 'தாய்'. தாயிலிருந்து எடுப்பது ஸ்டாம்பர். ஸ்டாம்பரை அழுத்தும் இயந்திரத்தில் பொருத்தி, சூடான வினைல் உருண்டையை நடுவில் வைத்து அழுத்தினால் எல்பி. ஒரு ஸ்டாம்பர் தேய்ந்து போவதற்குள் சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் தட்டுகள் தரும். அப்புறம் தாயிலிருந்து இன்னொரு ஸ்டாம்பர். இப்படிக் கிளைத்துப் போவதால், ஒரே லாக்கரிலிருந்து பல ஆயிரம் பிரதிகள் எடுக்க முடியும்.

ஆனால் ஒவ்வொரு நகலெடுப்பிலும் நுணுக்கம் ஒரு துளி குறையும். அதைத் தவிர்க்கத்தான் 'ஒன் ஸ்டெப்' முறை. தந்தையும் தாயும் இல்லாமல், லாக்கரிலிருந்து நேராக ஸ்டாம்பர். பின்னணி இரைச்சல் குறைகிறது, மெல்லிய ஒலிகள் தெளிகின்றன. பதிலுக்கு, அந்த ஸ்டாம்பர் தேய்ந்தவுடன் கதை முடிந்தது. மேலும் பிரதிகள் வேண்டுமென்றால் மறுபடியும் மாஸ்டர் டேப்பை ஓட்டி, புது லாக்கர் வெட்ட வேண்டும். இங்கே எண்ணிக்கை குறைவு என்பது விளம்பரத்துக்காக வைத்தது அல்ல. செய்முறையே போடும் வரம்பு.

லாக்கர் தட்டு செய்யும் நிறுவனங்களே உலகில் இரண்டுதான் இருந்தன. அவற்றில் ஒன்றான, கலிபோர்னியாவின் அப்பல்லோ மாஸ்டர்ஸ் 2020 பிப்ரவரியில் தீயில் அழிந்தது. மற்றது ஜப்பானில் இருக்கிறது. இந்தத் தொழில் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதை அந்த நாள் எல்லோருக்கும் காட்டியது.

'லிமிடெட்' என்றால் எத்தனை?

ஸ்டிக்கரில் இந்தச் சொல்லைப் பார்த்தால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: எது வரம்பு போடுகிறது?

சில சமயம் உரிமம். 1983இல் மைக்கேல் கஸ்குனாவும் சார்லி லூரியும் அமெரிக்காவில் தொடங்கிய மொசைக் ரெக்கார்ட்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு கலைஞர் ஒரு லேபிளுக்காகப் பதிவு செய்த அனைத்தையும், வெளிவராத டேக்குகள் (அதே பாட்டை வேறு முறை வாசித்த பதிவுகள்) உட்பட, கால வரிசையில் ஒரே பெட்டியில் போடுவார்கள். கூடவே பதிவு விவரங்களும் புகைப்படங்களும் கொண்ட பெரிய கையேடு. முதல் பெட்டி, பியானோ மேதை தெலோனியஸ் மங்க்கின் ப்ளூ நோட் பதிவுகள். ஒலிப்பதிவின் உரிமை பெரிய நிறுவனங்களிடம் இருந்ததால், இத்தனை பிரதி வரைதான் என்று எழுதி வாங்கிக்கொண்டு, 5,000, 7,500 என்று எண்ணிட்டு விற்றார்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான். செம்பதிப்பு என்று மேலே சொன்னேனே, அதை ஜாஸில் காட்டச் சொன்னால் நான் மொசைக் பெட்டியைத்தான் எடுத்து வைப்பேன். கஸ்குனா ப்ளூ நோட்டின் கிடங்கில் பல ஆண்டுகள் உட்கார்ந்து டேப் டேப்பாகக் கேட்டுப் பட்டியலிட்டவர். 2024இல் காலமானார். இன்று நாம் வாங்கும் ப்ளூ நோட் மறுவெளியீடுகள் பலவற்றுக்கும் அடியில் அவருடைய உழைப்பு இருக்கிறது.

சில சமயம் நாள். ரெக்கார்ட் ஸ்டோர் டே 2008இல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, தனிக் கடைகளில் மட்டும், ஒரே ஒரு முறை அச்சடித்த தட்டுகள் விற்பனைக்கு வரும். எத்தனை பிரதி என்பதைப் பல வெளியீடுகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பார்கள். வானொலி நிலையங்களிலும் கிளப்புகளிலும் பதிவாகி அலமாரியில் தூங்கிய ஜாஸ் கச்சேரிகள் இந்த நாளில் முதல் முறையாக வெளிவருவது வழக்கமாகிவிட்டது. அந்த வேட்டையில் செவ் ஃபெல்ட்மேன் என்பவர் பெயரைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

பல சமயம் வரம்பே இல்லை. எண்ணும் இல்லை, ஆண்டும் இல்லை, வெறும் 'லிமிடெட்' என்ற சொல் மட்டும். முதல் தவணை இவ்வளவு அச்சடித்திருக்கிறோம், விற்றால் இன்னும் அடிப்போம் என்பதுதான் அதற்குப் பொருள். அந்தச் சொல்லுக்காக ஒரு காசுகூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், இன்று மிகவும் மதிக்கப்படும் வரிசைகளில் ஒன்றான ப்ளூ நோட்டின் டோன் போயட் தட்டுகளில் எண்ணே கிடையாது. தீர்ந்துபோன சில ஆல்பங்களை மறுபடியும் அச்சடிக்கிறார்கள். 2019இல், லேபிளின் 80ஆவது ஆண்டில், தயாரிப்பாளர் ஜோ ஹார்லியின் பொறுப்பில் இது தொடங்கியது. டோன் போயட் என்பது சாக்ஸபோன் கலைஞர் சார்ல்ஸ் லாயிட் ஹார்லிக்கு வைத்த செல்லப்பெயர். மூல டேப்பிலிருந்து கெவின் கிரே வெட்டுகிறார், கலிபோர்னியாவின் ஆர்டிஐ ஆலை அழுத்துகிறது. அதே கிரே வெட்டி, ஜெர்மனியின் ஆப்டிமல் ஆலையில் அழுத்தும் கிளாசிக் வினைல் என்ற வரிசையும் இருக்கிறது. எளிய உறை, குறைந்த விலை. ஆரம்பிப்பவருக்கு நான் முதலில் கைகாட்டுவது அதைத்தான்.

மூலம் எது?

என் முதல் ஜாஸ் எல்பியை நான் ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் வாங்கினேன். '180 கிராம்', 'ஆடியோஃபைல்', 'லிமிடெட்' மூன்றும் இருந்தன. வீட்டில் போட்டால், செல்பேசியில் கேட்டதைவிட மந்தமாக இருந்தது. டிரம்பெட் ஒரு போர்வைக்குப் பின்னாலிருந்து வருவது போல் கேட்டது. ஊசியில் கோளாறோ என்று இரண்டு நாள் அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு உறையின் பின்பக்கத்தை ஒழுங்காகப் படித்தேன். யார் மாஸ்டர் செய்தார் என்று இல்லை. எந்த டேப் என்று இல்லை. எங்கே அழுத்தியது என்றுகூட இல்லை.

அப்படிப்பட்ட தட்டுகள் ஏன் இவ்வளவு இருக்கின்றன என்பதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுகளுக்கான உரிமை முன்பு 50 ஆண்டுகள்தான். 2013இல் அதை 70 ஆக்கினார்கள். ஆனால் அதற்குள் காலம் முடிந்துவிட்டவற்றுக்கு அந்த நீட்டிப்பு பொருந்தவில்லை. ஆக, 1962 வரை வெளிவந்த ஜாஸ் ஆல்பங்களை அங்கே யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். ஜாஸின் பொற்காலத்தில் பெரும்பகுதி அதில் அடங்கிவிடுகிறது. சட்டப்படி தவறில்லை. ஆனால் மாஸ்டர் டேப் உரிமையாளரின் கிடங்கில் பூட்டியிருக்க, இவர்களால் அதைத் தொட முடியாது. எனவே பெரும்பாலும் குறுந்தட்டிலிருந்தோ டிஜிட்டல் கோப்பிலிருந்தோதான் எடுத்து வெட்டுகிறார்கள்.

அப்படியானால் முதல் அச்சுதான் எப்போதும் உயர்ந்ததா? அதுவும் இல்லை. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தைப் பாருங்கள். 1959 மார்ச் 2ஆம் தேதி, நியூயார்க்கில் கொலம்பியாவின் 30ஆம் தெரு ஸ்டூடியோவில் முதல் அமர்வு நடந்தது. அன்று முதன்மை டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும். அதனால் முதல் பக்கத்தின் மூன்று பாட்டும் பல பத்தாண்டுகளாக ஒரு நூலளவு சுருதி கூடியே ஒலித்தன. கூடவே வாசித்துப் பழகிய கலைஞர்களுக்கு அது உறுத்தியது. அந்த அமர்வில் பாதுகாப்புக்காக இன்னொரு இயந்திரத்திலும் பதிவு செய்திருந்தார்கள். அது சரியான வேகத்தில் ஓடியது. அந்த டேப்பை எடுத்து 1992இல்தான் திருத்தினார்கள். பொக்கிஷமாகப் போற்றப்படும் 1959 பிரதியில் சுருதி தவறு. பின்னால் வந்த மறுவெளியீட்டில் சரி. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை.

முதல் அச்சுக்குச் சாதகமாகவும் பேச நிறைய உண்டு. ப்ளூ நோட்டின் புகழ்பெற்ற ஒலியை உருவாக்கிய ரூடி வான் கெல்டர், பகலில் கண் பரிசோதகர். நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில், பெற்றோர் வீட்டு வரவேற்பறையில்தான் பதிவு செய்தார். 1959இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் தனி ஸ்டூடியோ கட்டிக்கொண்டார். பதிவு செய்தவரே லாக்கரும் வெட்டினார். டேப்பும் அன்று புதிது. அவர் வெட்டிய தட்டின் டெட் வாக்ஸில் ஆர்.வி.ஜி. என்றோ வான் கெல்டர் என்றோ முத்திரை இருக்கும். 1966 வரை பிளாஸ்டிலைட் ஆலையில் அழுத்தியவற்றில், மனிதக் காதைப் போல் வளைந்த ஒரு சிறு குறியும் உண்டு. சாய்வெழுத்து 'பி'தான் அது. சேகரிப்பாளர்கள் அதை 'காது' என்றே சொல்வார்கள். ஆனால் அன்றைய சாதாரண பிளேயர்களில் ஊசி துள்ளாமல் இருக்க, வெட்டும்போது பாஸைக் குறைக்க வேண்டியிருந்தது. இன்றைய பொறியாளருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டேப்பில் இருந்தும் அன்று தட்டுக்கு வராத டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம், நல்ல மறுவெளியீட்டில் முழு உடம்போடு வந்து நிற்கும்.

மூலத்தைப் பற்றிய நேர்மை எவ்வளவு முக்கியம் என்பதை 2022 காட்டியது. மொபைல் ஃபிடெலிட்டி என்ற பெயர்பெற்ற நிறுவனம், மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' ஆல்பத்தை ஒன் ஸ்டெப் முறையில் 40,000 பிரதிகள் வெளியிடப்போவதாக அறிவித்தது. ஜாஸ் இல்லைதான், ஆனால் கணக்கு ஒன்றுதான். ஒரு லாக்கருக்கு ஆயிரம் தட்டு என்று வைத்துக்கொண்டாலும், விலைமதிப்பற்ற அந்த டேப்பை எத்தனை தடவை ஓட்ட வேண்டும்? யார் அனுமதிப்பார்கள்? சேகரிப்பாளர்கள் கேட்கத் தொடங்கினார்கள். அந்த ஜூலையில் பதில் வெளிவந்தது. பல ஆண்டுகளாகவே பல வெளியீடுகளில் மூல டேப்பை டிஎஸ்டி என்ற டிஜிட்டல் வடிவுக்கு மாற்றி, அதிலிருந்து வெட்டியிருக்கிறார்கள். முழுக்க அனலாக், அதாவது டிஜிட்டல் கலக்காதது, என்று நம்பி வாங்கியவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பணத்தைத் திருப்பித் தரும் சமரசத்தில் அது முடிந்தது. அந்தத் தட்டுகளின் ஒலியைப் பலரும் அதுவரை புகழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆகவே டிஜிட்டல் கலந்தாலே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என்ன விற்கிறீர்கள் என்பதை உறையில் எழுத வேண்டும். எழுதாத நிறுவனத்திடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வாங்குவேன்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. 180 கிராம் என்பது எடை மட்டுமே. மூலத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. வண்ண வினைல் கண்ணுக்கு அழகு. படம் பதித்த தட்டு சுவரில் மாட்ட நன்றாக இருக்கும், இரைச்சல் அதிகம். நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் இரண்டு தட்டாக வருவது நல்ல ஒலி தரும், ஆனால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய்த் திருப்ப வேண்டும். எண்ணிட்ட பதிப்பில் 12ஆம் பிரதிக்கும் 4,012ஆம் பிரதிக்கும் நம் காதுக்குத் தெரியும்படி வேறுபாடு இருக்கும் என்று நம்பாதீர்கள்.

உறையைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பழைய எல்பி உறைகள் தடித்த அட்டையின் மேல் அச்சிட்ட காகிதத்தைச் சுற்றி ஒட்டியவை. கையில் எடுத்தாலே ஒரு கனம் தெரியும். நல்ல மறுவெளியீடுகள் அதையே திரும்பச் செய்கின்றன. டோன் போயட் உறையைப் புத்தகம் போலத் திறந்தால், பதிவு நடந்த அன்று பிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் உள்ளே பெரிதாக இருக்கும். லேபிளை நடத்திய இருவரில் ஒருவர் அவர். ஒரு சாக்ஸபோன்காரர் நெற்றி வியர்வையோடு கண்மூடி நிற்கும் படத்தைப் பார்த்துக்கொண்டே அவர் வாசித்ததைக் கேட்பது தனி அனுபவம்.

வாங்கும்போது

புது வெளியீடு விற்றுத் தீர்ந்தது என்று தெரிந்த உடனே, மறுவிற்பனையில் இரண்டு மடங்கு விலைக்குப் பாய வேண்டாம். டிஸ்காக்ஸ் தளத்தில் ஒரே ஆல்பத்தின் ஒவ்வொரு அச்சும் தனித்தனிப் பக்கமாக இருக்கும். டெட் வாக்ஸ் எழுத்துகள், ஆலை, ஆண்டு, முன்பு என்ன விலைக்குப் போனது எல்லாம் பார்க்கலாம். எண்ணிடாத பதிப்பு என்றால் காத்திருங்கள், மறு அச்சு வர வாய்ப்பு அதிகம். எண்ணிட்டதும் உரிமம் முடிந்ததுமான பெட்டி என்றால் மட்டும் யோசிக்கலாம்.

பழையதாக வாங்கினால் தர அடையாளங்களில் ஏமாறுவது எளிது. நியர் மின்ட் என்றால் கிட்டத்தட்டப் புதிது. விஜி பிளஸ் என்றால் லேசான தடங்கள், இசையைப் பாதிக்காது. வெறும் விஜி, அதாவது 'மிக நன்று', பெயருக்கு நேர்மாறாக இசைக்கு நடுவே பொரிவது நன்றாகவே கேட்கும் தரம். டபுள் பாஸ் தனியாக வாசிக்கும் அமைதியான இடங்களில் அது ரொம்பவே படுத்தும்.

வந்து சேர்ந்ததும் பிரித்துக் கேளுங்கள். விலை ஏறும் என்று சிலர் மூடியே வைப்பார்கள். உள்ளே தட்டு வளைந்திருந்தாலும், நடு ஓட்டை மையம் தப்பியிருந்தாலும், திருப்பி அனுப்பும் கெடு போன பிறகு யாரிடம் சொல்வது? சுற்றிய பிளாஸ்டிக் தாள் நாள்பட இறுகி உறையையே வளைப்பதும் உண்டு. எனவே இரண்டு பக்கத்தையும் முதல் வாரத்திலேயே முழுக்க ஓட்டிவிடுங்கள். அப்புறம் காகித உள்ளுறையை எடுத்துவிட்டு, நிலைமின் ஏறாத வழவழப்பான உறையில் போட்டு, நேராக நிறுத்தி வையுங்கள். படுக்க வைத்து அடுக்கினால் அடியில் உள்ளவை வளையும்.

முதல் வாங்கலுக்கு, ஏற்கெனவே நூறு முறை கேட்டு மனப்பாடமான ஓர் ஆல்பத்தை எடுங்கள். அபூர்வமானதைத் தேடிப் போக வேண்டாம். தெரிந்த இசையில்தான் புதிதாகக் கேட்பது என்னவென்று பிடிபடும். என் விஷயத்தில் அது 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. முதல் பாட்டின் தொடக்கத்தில் பில் எவன்ஸின் பியானோவும் பால் சேம்பர்ஸின் டபுள் பாஸும் மட்டும் மெல்ல நகரும். செல்பேசியில் அந்த பாஸ் ஒரு முணுமுணுப்பாகத்தான் கேட்டிருந்தது. மூல டேப்பிலிருந்து வெட்டிய தட்டில், விரல் தந்தியை இழுத்து விடுவிக்கும் அந்த நொடியும் அதன் பின் மரப்பெட்டி அதிர்வதும் தனித்தனியாகக் கேட்டன. ஊசியைத் தூக்கி, அந்த அரை நிமிடத்தை மட்டும் நாலைந்து தடவை கேட்டேன்.